இந்த மாத அளவு

அப்பா போன மாதம்
எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பில்
என்றும் இல்லாத அளவுக்கு ஏறியிருந்தது.
பதினாறு நாள்
கூலிமிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் வந்தவர்கள்
குளித்தார்கள், அரிசி களைந்தார்கள்,
வாசலைக் கழுவிக் கழுவி விட்டார்கள்.
அவர் இருந்திருந்தால் டார்ச்சோடு போய்
மீட்டர் மூடியைத் திறந்து குந்தியிருப்பார்:
"எங்கயோ ஒழுகுது, பாருங்க."

ஒழுகத்தான் செய்தது.

தொண்ணூற்றொரு வயது, கல்யாணச் சாவு என்றார்கள்.
நெய்ப்பந்தம் பிடிக்க ஒன்பது பேர்.

முப்பத்து நான்கு ஆண்டுகள்
பினாங்குத் தீவின் மீட்டர்களை வாசித்தவர்.
ஜெலுத்தோங், டத்தோ கிராமாட்,
ஆயர் ஈத்தாமில் படியேறும் கடைசி வீடு வரை.
வலது கெண்டைக்காலில் மூன்று நாய்களின் பல்.
ஹொக்கியனில் அவருக்குத் திருத்தமாக வந்த ஒரே வாக்கியம்
"நாயைக் கட்டுங்க."
அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு
காப்பி ஓ கலக்கிக் கொடுத்த வீடுகள் உண்டு.
சீனப் பெருநாளுக்கு எங்கள் வீட்டில்
தின்று தீராத ஆரஞ்சு.

அலமாரியின் அடித்தட்டில்
நிலப் பத்திரம் இருக்கும் என்றான் தம்பி.
நீல அட்டை நோட்டுகள் இருந்தன.
உள்ளே எண்கள்.
இடப்பக்கம் ஊரார் வீட்டுத் தண்ணீர்,
வலப்பக்கம் நாங்கள்:
லீலா 101.4 நள்ளிரவு, 100.2 விடிகாலை
தம்பி 3 அடி 7
என் பரீட்சை எண்
ஓய்வுக்குப் பின் இடப்பக்கம் காலி.
வலப்பக்கத்தில் இடம் போதாமல்
ஓரத்தில் ஏறி நிற்கிறார்கள் பேரப்பிள்ளைகள்.
கவின்மலர் 2.9 கிலோ.
இருபது வருடம் தள்ளி
அவள் போன விமானத்தின் எண்,
இறங்கிய நேரம், அடியில் இரண்டு கோடு.

பாசமான சொல் ஒன்றுகூடக் கிடையாது.
தேடிப் பார்த்துவிட்டேன்.

1974 ஜூலை 9.
அம்மா பெரிய ஆஸ்பத்திரியில்.
அன்றைக்கும் வேலைக்குப் போயிருக்கிறார்.
மூன்று வீடுகள்.
நான்காவது வரியில் கதவு எண் மட்டும்,
எதிரே ஒன்றுமில்லை.
பிறகு பதினேழு நாள் வெள்ளை.
பதினெட்டாம் நாள்
அதே நான்காம் வீட்டிலிருந்து தொடங்குகிறார்.
வலப்பக்கத்தில்
"ரிப்பன் கறுப்பு, 2 கஜம்."

அது எனக்கு.
குழாய் மூட்டை முடுக்குவதுபோல் இழுத்துப் பின்னுவார்.
பள்ளி விடும்வரை என் புருவம் இறங்காது.
கோணல் என்று ஒருநாள் அழுதேன்.
அந்த வாரம் மீட்டர் பார்க்க வந்தவர்
தன் பின்னலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்ததாக
சாவுக்கு வந்த சியூ லான் சொன்னாள்.
அவளுக்கு அப்போது எட்டு வயதாம்,
பயந்து உள்ளே ஓடிவிட்டாளாம்.

கடைசிச் சில வருடங்கள் இரவு வேலை.
தார்ச்சாலையில் இரும்புக் கம்பியை ஊன்றி
மறுமுனையில் காதை வைத்து
மண்ணுக்கடியில் கசிவு கேட்பது.
பேரன்களுக்கு அந்தக் கதைதான் பிடிக்கும்.

போவதற்கு முந்தின நாள்
யுகேந்திரன் அவர் மார்பில் காதை வைத்துக் கிடந்தான்.
பேச்சு நின்று நான்கு நாள் ஆகியிருந்தது.
ஒற்றைக் கண் திறந்தது.
"எவ்வளவு?"
"அறுபத்தெட்டு, தாத்தா."
"எழுதிக்க."
தாள் அகப்படாமல்
இடது உள்ளங்கையில் எழுதினான்.
பத்து காந்தோங் குழாயடியில்
எல்லோரும் கைகால் கழுவியபோது
அவன் வலது கையை மட்டும் நீட்டினான்.

பில் இன்னும் அவர் பெயரில்தான் வருகிறது:
சோலைமலை த/பெ அங்கமுத்து.
மாத்திடுக்கா என்று
சான்றிதழ் நகல் எடுத்துத் தந்தான் தம்பி.
கொம்தாரில் சீட்டு எடுத்து உட்கார்ந்தேன்.
எண் வந்தது.
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண்,
தூடோங்கில் முத்து ஊசி.
பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு
திரையைப் பார்த்தபடி கேட்டாள்,
பெயர் இதுதானே?

அதுதான் என்றேன்.